திரும்பி வரும் பஸ்

பொன்னேரி பேருந்து நிலையத்தில் ஒரு ஞாயிறு காலை அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையின் சாம்பல் நிறச் சட்டை, கையில் ஒரு சின்ன நோட்டு. பழவேற்காடு ஏரியிலிருந்து திரும்பி வர கடைசி பஸ் எப்போது என்று டைம் கீப்பரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூட யாரும்மா வர்றாங்க?"

"பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு கேட்டேன் சார்."

"ஏரியில இன்னா கீது? ஊட்ல சொல்லிக்கினுதான் வந்தியா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தால் உட்கார்ந்த பெஞ்சிலேயே தலையை ஆட்டுவது என் வழக்கம். ஆட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"ஜப்பான்ல ஒரு வருஷம் வேல பாத்தேன் சார். லீவு நாளானா ஊர் பாக்கக் கெளம்பிடுவேன். திரும்பி வர்ற ரயில மொதல்ல எழுதிக்குவேன், அப்புறந்தான் போறதே. பாஷ தெரியாத ஊர்ல ஒருத்தர்கூட இப்டிக் கேக்கல. தோ இருக்குற பழவேற்காட்டுக்கு ஊட்ல ஒரு விசாரண, இங்க ஒரு விசாரண!"

"அநியாயம்தான்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்போ, தனியாவா போறீங்க?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பும் நேரத்தை எழுதாமலே நோட்டை மூடிக்கொண்டு, புறப்பட்ட பழவேற்காடு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஏழு வருஷமாக நான் அந்த வழியில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று எனக்கு நன்றாகத் தெரியும்.