இசைவாணி பேசுகிற படம்

பொன்னுத்தங்கத்திடம் மகள் இசைவாணியின் போட்டோ ஒன்றே ஒன்று உண்டு. குரல் இல்லை. பட்டாசுக் கம்பெனி வெடித்து மகள் போய் நான்கு வருடமாகிறது. முகம் அப்படியே நிற்கிறது, குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிவிட்டது. அம்மா என்று எப்படிக் கூப்பிடுவாள் என்று பாத்திரம் துலக்கும்போது யோசித்துப் பார்ப்பாள், பிடிபடாது. பெற்றவளுக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

அதனால்தான் தொழிலாளர் சங்கத்துச் சபரிநாதன் வந்து சொன்னதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"யக்கா, சாயங்காலம் சமுதாயக் கூடத்துல காளீஸ்வரன் சாரைப் பத்தின படம் போடுறோம். நம்ம இசைவாணி அதுல வர்றா. பேசுறா. அவசியம் வந்துருங்க."

வக்கீல் காளீஸ்வரனைத் தாயில்பட்டியில் தெரியாத ஆள் கிடையாது. பட்டாசுத் தொழிலாளர் உரிமைக்காகக் கோர்ட்டுக்கும் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கும் நடையாய் நடந்து, போன வருடம் கண்மூடினார். உயிரோடு இருந்தவரை ஏசித் தீர்த்த முதலாளிமார், செத்ததும் ஆளுயர மாலையோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கென்ன!

பொன்னுத்தங்கம் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். படத்தில் பெரிய மனிதர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவழியாகக் கம்பெனி வேன் நிற்கிற இடம் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களைக் காளீஸ்வரன் விசாரித்துக்கொண்டே வந்தார். அப்பாவின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு நின்றாள் இசைவாணி.

"உனக்கு என்ன வயசும்மா?" என்றார்.

பொன்னுத்தங்கம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். யார் கேட்டாலும் பதினெட்டு என்று சொல்லச் சொல்லி மகளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான். உண்மை தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அப்படி அன்று காளீஸ்வரன் நிறுத்திப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய நசிமா இன்று விருதுநகரில் காலேஜ் படிக்கிறாள். வந்த வருமானத்தை விட்டுவிட்டாளே என்று நசிமாவின் தாயைப் பார்த்துச் சிரித்தவளும் பொன்னுத்தங்கம்தான்.

"பதினெட்டு முடிஞ்சிருச்சு சார்," என்றாள் இசைவாணி.

அதே குரல். சளி பிடித்தது மாதிரி அந்தக் கரகரப்பு. இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த குரல் வந்துவிட்டது, ஆனால் தாய் சொல்லிக்கொடுத்த பொய்யைத் தூக்கிக்கொண்டு வந்தது.

காளீஸ்வரனுக்குச் சந்தேகம் தீரவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "நெசமாத்தானா? பயப்படாமச் சொல்லும்மா."

இசைவாணி தலையைத் திருப்பினாள். காமிராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்தாள். அன்று மகளை வேன் ஏற்றிவிட வந்து, அங்கே நின்று கண்ணை உருட்டியது யார் என்று பொன்னுத்தங்கத்துக்குத் தெரியும். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து திரையைப் பார்த்து ஓடினாள்.

"பொய் சொல்லுதா சார்! பதினஞ்சுதான் சார் அவளுக்கு! கூட்டிட்டுப் போயிருங்க சார்!"

"நெசந்தான் சார்," என்றாள் இசைவாணி.

காளீஸ்வரன் தலையாட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் போனார்.