ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?

போன புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு லேட். இந்த வயதில்!

கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால், எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். கோம்பைக்குப் பக்கத்து ஊர். பெயர் வேண்டாமே... பள்ளிக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

கூட்டம் ஒன்பதரைக்கு. நான் போனபோது மணி ஒன்பது நாற்பது. கேட் பூட்டியிருந்தது. வெளியே பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை நின்றது.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "வாங்கய்யா, வாங்க. எல்லாரும் வந்துட்டாக."

கேட் திறந்தது. நான் நுழைந்தேன். அந்தப் பிள்ளையும் ஓர் அடி வைத்தது.

"ஏ பிள்ளை, நீ நில்லு!"

கேட் மூடியது. நானும் திரும்பிப் பார்க்காமல்தான் போனேன். பழக்கம்!

'எல்லாரும்' என்றால் யார்? குழுவில் பாதிக்கு மேல் தாய்மார்கள். காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஏலத் தோட்டத்துக்கு அவர்களை ஏற்றிப்போகும் ஜீப் விடியும் முன்பே கிளம்பிவிடும். கூட்டமோ காலையில்! என்னையும் எண்ணினால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான தலைகள், தேறும்.

பொருள் ஒன்று: அனைவரையும் உள்ளடக்கிய கல்வி. தலைமையாசிரியர், படிப்பை நிறுத்திவிடக்கூடிய பிள்ளைகளின் பட்டியலை வாசித்தார். முதல் பெயர் பாண்டீஸ்வரி, எட்டாம் வகுப்பு. காரணம்: பெற்றோருக்கு அக்கறையில்லை.

"யாரு அந்தப் பிள்ளை?" என்றேன்.

ஜன்னல் வழியே கையைக் காட்டினார். "அந்தா, கேட்டுக்கு வெளிய நிக்குதே, அதுதான் சார். தினமும் லேட்டு. இன்டர்வெல்லுக்குத்தான் உள்ள விடுவோம். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்? நீங்க ஆபீஸ்ல இருக்கையில வந்த சர்க்குலர்தான்."

வந்ததா? எழுதியதே நான்தான்! 'எவ்விதப் பாரபட்சமுமின்றி' என்ற தொடரை இரண்டு இடத்தில் சேர்த்தது இன்னும் நினைவிருக்கிறது. நல்ல டிராஃப்ட் என்று அதிகாரி பாராட்டினார்.

எழுந்து கேட்டுக்கு வெளியே போனேன்.

"ஏன் ஆத்தா தினமும் லேட்டு?"

"அம்மா ஜீப்புல போயிருது தாத்தா. தம்பிய நான்தான் அங்கன்வாடில விடணும். அந்த டீச்சர் ஒன்பதரைக்குத்தான் வருவாக." கொஞ்சம் நிறுத்தியது. "இன்னொருக்கா வெளிய நிப்பாட்டுனாகன்னா, நீயும் ஜீப்புல ஏறிருன்னு அம்மா சொல்லிருச்சு."

அக்கறையில்லாத பெற்றோர்!

தலைமையாசிரியர் பின்னாலேயே வந்துவிட்டார். "சார், உள்ள வாங்க."

"நானும் பத்து நிமிஷம் லேட்டு. இன்டர்வெல்லுக்கு வாரேன்."

"வெளையாடாதீக சார். மதியத்துக்குள்ள மினிட்ஸை அப்லோட் பண்ணணும். நீங்க இல்லேன்னா கோரம் இல்ல."

"அப்படின்னா இதையும் எழுதுங்க. தாமதமாக வந்த உறுப்பினர் அனுமதிக்கப்பட்டார், தாமதமாக வந்த மாணவி அனுமதிக்கப்படவில்லை. கையெழுத்துப் போட்டுருதேன்."

அவர் என்னைப் பார்த்தார். பாண்டீஸ்வரியைப் பார்த்தார். மனசாட்சியை எப்படியாவது சமாளித்துவிடலாம் — மினிட்ஸை முடியாது. நாங்கள் இருவருமே அந்தத் துறையில் வளர்ந்தவர்கள்தானே!

"கேட்டைத் தொறய்யா" என்றார் வாட்ச்மேனிடம்.

இருவரும் நுழைந்தோம். அந்தப் பிள்ளை வகுப்புக்கு ஓடியது. நான் கூட்டத்துக்கு நடந்தேன்.

அனைவரையும் உள்ளடக்கிய கல்வியைத் தீவிரப்படுத்துவதென்று ஒருமனதாகத் தீர்மானம். தம்பி தங்கையை விட்டுவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கேட் நேரத்தைத் தளர்த்தலாம் என ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "அதுக்கு மேலிருந்து ஆர்டர் வரணும் சார்" என்றார் தலைமையாசிரியர். அந்த ஆர்டர் எத்தனை மேசையில் தூங்கிவிட்டு வரும் என்பது எனக்குத் தெரியாதா? அடுத்த கூட்டம் அடுத்த மாதம் என்று முடித்தார்.

இன்டர்வெல்லில் வெளியே வந்தபோது, குழாயடியிலிருந்து ஓடிவந்தாள் பாண்டீஸ்வரி.

"தாத்தா, நாளைக்கும் கூட்டம் இருக்கா?"

"இருக்கு ஆத்தா. ஒன்பது நாற்பதுக்கு."

வியாழக்கிழமையும் நான் லேட்.