மார்கழியில் கழிமுகத்துக்குப் போன டிரோன்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. சிவகாசியில் வீடியோக் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு அந்த மாதம் முழுக்க ஓய்வு. அவருடைய சின்ன டிரோனுக்கும்தான். நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வைப்பாறு கடலில் சேரும் இடத்தில் கொஞ்சம் அலையாத்திக் காடு உண்டு. அதை மேலிருந்து படமெடுத்து, எங்கே செழித்திருக்கிறது, எங்கே பட்டுப்போயிருக்கிறது என்று ஒரு வரைபடம் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

"உங்க டிரோனக் கொஞ்சம் குடுங்களேன்" என்றேன்.

"அது தனியா வராது. கூட நானும் வருவேன்" என்றார்.

பட்டாசுக் கம்பெனிகளுக்கு மேலே பறக்கவிடக் கூடாது என்பதால் ஆனைக்குட்டம் அணைக்கரையில் பழகினோம். அவருடையது கல்யாணத்துக்குப் பழகிய கை. கருவேலம் புதரைக்கூட மணமேடை மாதிரி சுற்றிச்சுற்றி எடுத்தார். பார்க்க அழகுதான், ஆனால் சேர்த்து வரைபடமாக்க ஒரு படமும் இன்னொன்றோடு ஒட்டவில்லை.

"உழவு ஓட்டுற மாதிரி நேரா போயி நேரா வாங்க. ஒரு படத்துல பாதி அடுத்ததுலயும் விழணும்."

"இம்புட்டு சப்புன்னு ஒரு படத்த நான் எடுத்ததே இல்ல" என்று முனகிக்கொண்டே எடுத்துப் பழகினார்.

வனத்துறை அனுமதி கிடைத்ததும் கிளம்பினோம். கழிமுகத்தில் அவர் கரையில் நின்று பறக்கவிட, நான் சேற்றில் இறங்கி எந்த இடத்தில் என்ன மரம் என்று குறித்துக்கொண்டு போனேன். பாதி வேலை முடிந்திருக்கும். எங்கிருந்தோ வந்த செம்பருந்து ஒன்று டிரோனை ஓங்கி அடித்தது. அது சுழன்று மரங்களுக்குள் விழுந்தது.

பேண்டில் ஒரு துளி சேறு பட்டாலே முகம் சுளிக்கிற மனிதர், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். தொடைவரை புதைந்து நின்றார். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் பயந்துபோனேன். கத்தினேன்.

நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கூடையைப் போட்டுவிட்டு வந்தார். "ஆடாதீக அண்ணாச்சி, அப்படியே பின்னால சாயுங்க." ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தோம். செருப்புகள் இல்லாமல் வந்து சேர்ந்தார். டிரோனைக் கிளையிலிருந்து எடுத்துத் தந்ததும் அந்த அக்காதான். ஒரு இறக்கை ஒடிந்திருந்தது. படங்கள் பிழைத்தன.

வீட்டில் இருவரும் உட்கார்ந்து அவற்றைச் சேர்த்தோம். பச்சைக்கு நடுவே பழுப்பாக ஒரு திட்டு. தரையில் நின்றபோது சுற்றியிருந்த மரங்கள் அதை மறைத்திருந்தன. திட்டுக்குப் போகும் சிறு ஓடையை மணல்மேடு ஒன்று அடைத்திருந்ததும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. வனத்துறைக்காரர்களிடம் காட்டினோம். அவர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். அடுத்த மழைக்கு முன்னால் மேட்டை வெட்டிவிட்டார்கள்.

மறுபடி மார்கழி வந்தபோது மறுபடி போனோம். பழுப்புத் திட்டில் பச்சைப் புள்ளிகள். படத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து நடந்துபோய்ப் பார்த்தேன். அலையாத்தி இனமான கண்டலின் நாற்றுகள், இளம் இலைகளோடு. கையை ஆட்டி அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் சேற்றிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கும் அந்த அக்கா வந்திருந்தார். "அங்கன எங்க வீடு தெரியுமா?" என்று திரையைக் காட்டிக் கேட்டார். என் கணவர் டிரோனை ஊர்ப்பக்கம் திருப்பினார். ஓட்டுக் கூரையைத் திரையில் கண்டதும் அக்கா மருமகளுக்குப் போன் போட்டார்.

"ஏளா, வாசலுக்கு வா. மேல பாரு."

திரையில் சின்னதாக ஒரு பெண் வெளியே வந்து, கையைப் புருவத்தில் வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே ஓடினாள்.

"எங்க ஓடுறா?" என்றேன்.

"தல சீவிட்டு வருவா" என்று சிரித்தார் அக்கா.

பேட்டரி குறைகிறது என்று டிரோன் எச்சரித்துக்கொண்டிருந்தது. என் கணவர் அவள் வரும்வரை அதை அங்கேயே நிறுத்திவைத்திருந்தார்.