நாலு மணி ஆயா

1913-ஆம் வருடத்துச் சாம்பல் புதனன்று துரை வீட்டுப் பிள்ளை லூசியைச் சீமைக்கு அழைத்துப் போனார்கள். மலாயாவின் கிள்ளான் ரயில் நிலையத்தில், தன்னை வளர்த்த ஆயா ரோசலினின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது பிள்ளை. காலைப் பூசையில் ரோசலினின் நெற்றியில் பூசிய சாம்பல் அதன் விரலில் ஒட்டிக்கொண்டது.

“ஆயா, நாலு மணிக்குத் தோட்டத்துல இரு. நான் வந்துருவேன்,” என்றது தமிழில். துரைசாணிக்கு அது புரியவில்லை.

“சரிம்மா, இருக்கேன்.”

ரயில் போயிற்று. ரோசலினுக்கு அழுகை வரவில்லை. பங்களாவில் மறந்து விட்டுப்போயிருந்த சின்னக் கவுன் ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டாள். நாலு மணிக்குக் கால்கள் தாமாகவே ஆற்றங்கரைத் தோட்டத்துக்கு நடந்தன. அவள் வழக்கமாய் உட்காரும் பெரிய தூங்குமூஞ்சி மரம், துரைசாணிகளுக்கு இரண்டு பெஞ்சு, ஆயாக்களுக்குப் புல்தரை, அப்பால் சேறாய் ஓடும் ஆறு. தோட்டம் அவ்வளவுதான்.

வாசலில் காவல்காரர் பக்கிரிசாமி மறித்தார்.

“என்ன ரோசலின், கையை வீசிக்கிட்டு வர்றே? பிள்ளை எங்க?”

“கப்பலுக்குப் போயிருச்சு அண்ணே.”

“அப்ப நீயும் வீட்டுக்குப் போ. வெள்ளைக்காரப் பிள்ளை இல்லாம நம்ம ஆளை உள்ள விட்டா, நாளைக்கு நானும் உன்கூட வெளியதான் நிக்கணும்.”

“பிள்ளையோட வந்தா விடுவீங்களா?”

“மகாராணி மாதிரி வா.”

அந்த வாரமே ஆற்றோரத்துப் பங்களா ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பிள்ளையும் கப்பலேறியதும் பக்கத்துப் பங்களா. பிறகு இன்னொன்று. ஊருக்கு வெளியே தொலைவிலிருக்கும் மேரு பக்கம் கூடுதல் சம்பளம் என்று யாராவது சொன்னால், “அங்கருந்து நாலு மணிக்கு வர முடியாதே,” என்பாள்.

“நாலு மணிக்கு எந்த மாப்பிள்ளைடி வர்றான்?” என்று தனலெட்சுமி ஆயா சீண்டுவாள். ரோசலின் சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள். எதையும் கொஞ்சியதில்லை. லூசி வருவாள் என்று நம்பினாளா, அதுவும் சொல்லத் தெரியாது. வருகிற நாளில் தான் அங்கே இல்லாமல் போய்விடக்கூடாது.

பதினான்கு வருடம் போயிற்று.

“உன் மரத்துக்குக் கடுதாசி வந்திருக்கு,” என்றார் நரைத்துப்போன பக்கிரிசாமி. உறையில் பெயர் இல்லை. ‘ஆற்றங்கரைத் தோட்டத்துப் பெரிய மரத்தடியில் உட்காரும் ஆயாவுக்கு, கிள்ளான்’ என்று மட்டும் இருந்தது. “தபால்காரன் யோசிக்கவே இல்ல. நேரா இங்க கொண்டாந்துட்டான்.”

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஸ்டானிஸ்லாஸ் அந்த இங்கிலீஷ் கடுதாசியைப் படித்துச் சொன்னார். லூசிக்கு அடுத்த மாதம் கல்யாணம். இனி மலாயாவுக்கு வருவதற்கில்லை. தமிழ் மறந்துபோயிற்று.

“அவ்வளவுதானாங்கய்யா?”

“கடைசியா ஒண்ணு கேட்டிருக்கு,” என்று கிராணி தாளைத் திருப்பினார். “‘ஆயா, உங்கள் பெயர் என்ன?’”