நான்தான் அடிச்சேன்

பழைய வண்ணாரப்பேட்டையில கௌசர்க்கா ஜெராக்ஸ் கடை எங்கன்னு போன மாசம் கேட்டிருந்தீங்கன்னா, கையப் புடிச்சுக் கூட்டினு போய் விட்டிருப்பாங்க. இப்பக் கேட்டுப் பாருங்க. "இன்னாத்துக்கு?"ன்னு மேலயும் கீழயும் பாப்பாங்க.

கௌசர்க்காவுக்கு நாப்பத்திரெண்டு வயசு. அதுல பத்தொம்பது வருஷம் மிஷினுக்கு முன்னாடி நின்னே போச்சு. சாயங்காலமானா காலு வீங்கிடும், டோனர் தூள் மூக்குல ஏறி தும்மித் தும்மி உசிரே போவும். பக்கத்துத் தெருவுல புது மிஷின், ஏசின்னு ரெண்டு கடை வந்தாச்சு. ஆனாலும் ஜனங்க இங்கதான் வந்தாங்க. ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட், மனைப் பத்திரம், எதுவானாலும் ஒரிஜினலக் குடுத்துட்டு, "எடுத்து வைக்கா, மீன் வாங்கினு வந்துடுறேன்"னு போயிடுவாங்க. இத்தினி வருஷத்துல ஒரு தாள் தொலைஞ்சதில்ல. கடை ஓடினது அந்த நம்பிக்கையிலதான். அது போச்சுன்னா கடையும் போச்சு.

தப்பே பண்ணலையான்னா, பண்ணுச்சு. பூசி மெழுக வேணாம். பரீட்சைக்குப் படிக்கிற பசங்க ஒரு தடி கைடு புக்கைக் கொண்டாந்து, "முழுசா அடிச்சுக் குடுக்கா"ன்னு கெஞ்சினாங்க. நாப்பது காப்பி போட்டு, ஸ்பைரல் மாட்டிக் குடுத்துச்சு. யாரும் நகல் எடுக்கக்கூடாதுன்னு மொத பக்கத்துலயே பொடி எழுத்துல போட்டிருந்துச்சு. அந்தப் பக்கத்தையும் சேத்துதான் அடிச்சுது மகராசி!

நம்ம பேட்டையில அடிக்கிறதுன்னா ஆயிரம் கீது. பிரிண்ட் அடிக்கலாம், சுவத்துக்கு வெள்ளை அடிக்கலாம், தண்ணி அடிக்கலாம், அடுத்தவன் பர்ஸையும் அடிக்கலாம். எந்த அடின்னு பேசறவன் மூஞ்சப் பாத்தே புரிஞ்சிப்போம். எழுதி வச்சா அந்த மூஞ்சிக்கு எங்க போறது?

ஒரு செவ்வாக்கிழமை காலையில ஏட்டு பகலவனும், அந்த கைடு போட்ட பதிப்பகத்து ஆளும் கடை வாசல்ல வந்து எறங்கினாங்க. பகலவன் பழகின மனுஷன்தான். ஸ்டேஷன் பேப்பரெல்லாம் இங்கதான் ஜெராக்ஸ். அன்னிக்கு அவரு மூஞ்சி குடுத்துப் பேசல. கல்லாவுல உக்காந்திருந்தது புருஷன் மொஹ்சின். ஹார்பர்ல கிரேன் ஓட்டுறவரு, அன்னிக்கு ஷிப்ட் இல்ல. பதிப்பகத்து ஆளு நேரா அவரு சட்டையப் புடிச்சாரு.

"நீதானே அடிச்ச?"

கௌசர்க்கா பதறிப்போய் நடுவுல பூந்துச்சு. "ஐயோ, அவர வுடுங்க சார்! அவருக்கு மிஷின ஆன் பண்ணக்கூடத் தெரியாது. நான்தான் அடிச்சேன். நாப்பதும் நான்தான் அடிச்சேன்."

ஸ்டேஷன்ல பகலவன் எழுதி முடிச்சு, படிச்சுக் காட்டினாரு. "மேற்படி புத்தகத்தை நாற்பது முறை திருடியது நானே என்று ஒப்புக்கொள்கிறேன்."

"திருடினேனா?" கௌசர்க்கா எழுந்தே நின்னுடுச்சு. "இன்னா சார் இது? நான் இன்னா அவங்க வூட்டுப் பூட்டையா ஒடைச்சேன்? அவங்க புக்கு அவங்க கையிலயேதான கீது! அடிச்சேன்னுதான சொன்னேன்?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணில்ல," பதிப்பகத்து ஆளு குறுக்க பேசினாரு. அவரு குரல்ல இப்பக் கோவமே இல்ல. அதான் பயமா இருந்துச்சு. "சட்டத்துல பதிப்புரிமை மீறல்னுதான் பேரு. அத எழுதினா எவனுக்குப் புரியும்? திருட்டுன்னே இருக்கட்டும் சார். அப்பதான் நாலு கடைக்காரன் பயப்படுவான்."

"மீறல்னே போடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். தப்புதான். மிஷினக்கூட எடுத்துனு போங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் வுட்டுடுங்க."

பகலவன் பேனாவ நீட்டினாரு. "வூட்டுக்குப் போவணுமா, வேணாமா?"

கையெழுத்து போட்டுச்சு. மிஷின விட்டுட்டாங்க. வார்த்தைய விடல.

மூணாம் நாளு ஏரியா வாட்ஸ்அப்புல வந்துடுச்சு: "ஜெராக்ஸ் கடையில் திருட்டு, பெண் ஒப்புதல்." இன்னா திருட்டுன்னு ஒரு வரி இல்ல. வெறும் வாய மெல்றவனுக்கு அவல் கெடச்சா சும்மா இருப்பானா? ராயபுரம் தாண்டறதுக்குள்ள அது பத்திரத் திருட்டு ஆச்சு. புளியந்தோப்பு போய்ச் சேரறதுக்குள்ள, ஜனங்க ஆதார வச்சு லோன் வாங்கிட்டா அந்தப் பொம்பளைன்னு ஆச்சு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மார்க் ஷீட் குடுத்தவங்கல்லாம் வந்து, "எக்ஸ்ட்ரா ஒண்ணு எடுத்து வச்சுகினியா?"ன்னு கேட்டாங்க. யாரும் கத்தல, சண்டை போடல. கேட்டுட்டு, கடைய ஒரு சுத்து கண்ணால பாத்துட்டு, போயிட்டாங்க. கௌசர்க்காவுக்கு ராவுல தூக்கமில்ல, பகல்ல வேலையில்ல.

அப்பதான் வியாசர்பாடியிலேர்ந்து கெங்கம்மா வந்துச்சு. ஹவுசிங் போர்டு குடியிருப்பு, பன்னெண்டு வருஷ சிநேகிதம், ரம்ஜானுக்கு பிரியாணி வாங்கித் தின்ற உரிமை. கையில வூடு ஒதுக்கின ஆர்டர், பிளாஸ்டிக் கவர்ல.

"வா கெங்கம்மா! நீயாவது வந்தியே!" கௌசர்க்காவுக்கு நெஞ்சே குளுந்துபோச்சு. ஆசையா கைய நீட்டுச்சு.

கெங்கம்மா குடுக்கல. கவுண்டரச் சுத்தி உள்ள வந்துச்சு. "மூடியத் தூக்கு கௌசரு, நானே வெக்கிறேன்."

தானே வச்சு, தானே மூடி, லைட்டு ஓடி முடியற வரைக்கும் ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சுக்கிச்சு. ஒரிஜினல உருவி ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிச்சு. வெளிய வந்த தாள எடுத்துப் பாத்துச்சு. அப்புறம் குனிஞ்சு, மிஷினுக்குக் கீழ எட்டிப் பாத்துச்சு.

"ஒண்ணுதான வந்துச்சு? கோச்சிக்காத கௌசரு. வூட்ல சொல்லி அனுப்பினாங்க."

கௌசர்க்கா மேசைக்கடியில இருந்த குப்பைக் கூடைய எடுத்து, கெங்கம்மா காலுக்கு முன்னாடி கவுத்து, ஒவ்வொரு தாளா பிரிச்சுக் காட்ட ஆரம்பிச்சுது.