முரோதானியை அழவைத்த கதை

முரோதானி நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி சுமியே இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. அழுதால் தேவலை என்றுதான் அவரும் நினைத்தார். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

தெருமுனை சுஷிக் கடையில் ஏழே இருக்கைகள்; அன்று முரோதானியும் நாங்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் இசோகாவா அவரை அழவைத்தே தீருவது என்ற முடிவோடு, மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் மூக்கில் ஏறிக் கண்ணீர் வரவைக்கும் வசாபி விழுதை மூன்று மடங்கு அப்பி அவரிடம் நீட்டினார். மற்ற ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். முரோதானி ஒரே வாயாகப் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"மீன் நல்லாருக்கு மாஸ்டர்."

"காரம்?"

"காரமா? போட்டிருக்கீங்களா என்ன?"

"பழைய வசாபியைத் தலையில கட்டிட்டாரு, கஞ்சன்!" என்றார் பக்கத்திலிருந்த மீன் வியாபாரி.

இசோகாவாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதேபோல் ஒன்று பிடித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மறுகணம் கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. பலகையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

முரோதானி தன் கைத்துண்டை அவரிடம் நீட்டினார்.

"நல்லா அழுங்க மாஸ்டர். சுமியேவுக்கு யாராவது அழணும்ல?" என்றவர், தட்டை முன்னால் தள்ளி, "அடுத்தது கானாங்கெளுத்தி வைங்க," என்றார்.