டெய்ஸி அக்கா கடைசியில்தான் பேசுவார்

போன திங்கள்கிழமை, பிரேயர் மணி அடிக்கும் நேரத்தில் ஜமுனா போன் செய்தாள். எங்கள் பள்ளியில் படித்தவள், இப்போது செகந்திராபாத்தில் நர்ஸ். "மேடம் போயிட்டாங்க, டீச்சர்" என்று தெலுங்கில் சொல்லி அழுதாள். ஹைதராபாத் கச்சிபௌலியில் எங்கள் பள்ளியைப் பதினோரு ஆண்டுகள் நடத்திய டெய்ஸி அக்கா இனி இல்லை.

எல்லோருக்கும் அவர் மேடம். மெட்டுகுடாவில் நாங்கள் இருவரும் ஒரே சர்ச் என்பதால் எனக்கு மட்டும் அக்கா. அவருடைய கண்டிப்பு, அவரிடம் படித்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கோ ஒரு கூட்டம்தான் கண்முன் நிற்கிறது. அதில் குற்றவாளி நான்.

அப்போது நான் துணைத் தலைமையாசிரியை. வருகைப்பதிவேடு என் கையில், கர்வம் என் தலையில். சுற்றிலும் ஐ.டி. கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே வேலைக்கு வந்த லம்பாடிப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகளும் எங்களிடம் படித்தார்கள். ஏழாம் வகுப்பு ஜமுனா தீஜ் திருவிழாவுக்கென்று ஒன்பது நாள் வரவில்லை, பரீட்சையும் எழுதவில்லை. சிவப்பு மையால் அவள் பெயரை அடித்தேன். அவளுடைய அம்மா சோம்லி வந்து கெஞ்சியபோது, "திருவிழாவா, பள்ளிக்கூடமா? முடிவு பண்ணிக்கோங்க" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லி அனுப்பினேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஆசிரியர்களையும் சோம்லியையும் ஜமுனாவையும் வட்டமாக உட்காரவைத்தார். நான் விதிகளை ஒப்பித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க அக்கா" என்றேன்.

"நக்கோ, வேண்டாம் புஷ்பா. இவங்க தாண்டாவுல, அதான் இவங்க ஊர்ல, பஞ்சாயத்து கூடினா, தலைவரு எல்லாரும் பேசினப்புறம்தான் வாயைத் திறப்பாராம். சோம்லிதான் சொன்னா. நானும் காத்திருக்கேன்."

ஜமுனா மெல்லப் பேசினாள். புற்றுமண்ணில் எருவைக் கலந்து, கூடையில் கோதுமை விதைத்து, கல்யாணமாகாத பெண்கள் ஒன்பது நாளும் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. "ஜாஸ்தி ஊத்தினா அழுகிடும், டீச்சர்" என்றாள்.

அந்த வாரம் நான் நடத்தியது விதை முளைக்கும் பாடம். ஈரப் பஞ்சில் நான் வைத்த அவரை விதைகள் ஜன்னலோரத்தில் அழுகி நாறிக்கொண்டிருந்தன. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

கடைசியில் அக்கா பேசினார்: "ஒன்பது நாளும் இவ பாடம்தான் படிச்சிருக்கா. பரீட்சை திரும்ப வைப்போம். பேரை அடிச்சது நீ, எழுதறதும் நீதான்."

எழுதினேன். ஆனால் நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் என் மேஜையில் ஒரு சின்னக் கூடை, அதில் பச்சைப்பசேலென்று கோதுமை நாற்று. பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். "ஜமுனா குடுத்தா. தண்ணி அளவா ஊத்து" என்றார். சிரித்துவிட்டேன். மறு வருடம் அந்தப் பாடத்தை சோம்லியும் ஜமுனாவும் நடத்தினார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பரீட்சையும் திருவிழா முடிந்த பிறகுதான் நடந்தது.

இன்று அவருடைய நாற்காலியில் நான் இருக்கிறேன். அந்தப் பழைய பதிவேட்டை என் அலமாரியில் வைத்திருக்கிறேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே என் கையெழுத்தில் மறுபடியும் ஜமுனா. ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். பிறகு போய் உட்கார்ந்து, எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்புதான், அக்கா, எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.